கோவளத்தில் பொங்கிய பெல்ஜியம்

பெல்ஜியத்திலிருந்து ஒரு பீர் பாட்டிலைச் சென்னைக்குக் கொண்டுவருவது பெரிய காரியமே இல்லை. பெட்டியில் வைத்துவிட்டால் விமானம் பார்த்துக்கொள்ளும். அதே பாட்டிலை ஊரப்பாக்கத்திலிருந்து கோவளத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதைத்தான் பயணம் என்று நான் சொல்வேன். முதல் பாதியில் எனக்குத் தூக்கம் வந்தது. இரண்டாம் பாதியில் உயிர் போய் வந்தது.

எங்கள் மகள் சிறுசேரியில் செய்துகொண்டிருந்த அதே வேலையை இப்போது கென்ட் நகரத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு செய்கிறாள். அவளைப் பார்க்க நானும் வசந்தாவும் மார்ச் மாதத்தில் போயிருந்தோம். முதல் நாள் காலையில் ரொட்டி. மதியம் ரொட்டி. இரவு ஏதோ விசேஷம் என்றாள் மகள். தட்டைத் திறந்து பார்த்தால் வட்டமாக ஒரு ரொட்டி. இரண்டாம் நாள் வசந்தா சமையலறையைக் கைப்பற்றி இட்லிக்கு மாவு அரைத்தாள். அந்தக் குளிரில் மாவு எழவே இல்லை. ஹீட்டர் பக்கத்தில் வைத்தாள், என் கம்பளிச் சட்டையைச் சுற்றினாள், நான் மேல்கோட்டோடு உட்கார்ந்திருந்தேன். மாவு தவத்தில் இருந்தது. கடைசியில் வந்த இட்லி அந்த நாட்டின் நிலப்பரப்பைப் போலவே இருந்தது. மேடு பள்ளம் ஒன்றும் இல்லை.

நான்காம் நாள் தனியாக ஊர் சுற்றக் கிளம்பினேன். அந்த நாட்டில் சில ரயில்களை நடுவழியில் இரண்டாகப் பிரித்து, முன் பாதியை ஓர் ஊருக்கும் பின் பாதியை வேறு ஊருக்கும் அனுப்பிவிடுகிறார்கள். முன்கூட்டியே அறிவிப்பார்கள். பல மொழிகளில் அறிவித்தார்கள். எதுவும் என் மொழியாக இல்லை. செங்கல்பட்டு லோக்கலில் தப்பான வண்டியில் ஏறினால், எதிரில் இருப்பவர் எங்கே போகிறாய் என்று விசாரித்து, படித்தவன்தானே என்று திட்டி, கையைப் பிடித்து இறக்கிவிடுவார். அங்கே எல்லோரும் மரியாதைக்காரர்கள். நான் எங்கோ போய்க்கொண்டிருப்பதை ஒருவரும் தடுக்கவில்லை.

இறங்கிய ஊரின் பெயரில் பாதி எழுத்துகள் தொண்டையிலேயே நின்றுவிடும். தெருவில் ஆளில்லை. ஒரு வாசலில் மட்டும் பலகை தொங்கியது. அதில் ஒரு மாதா கோயில் மணி, அதற்கு இரண்டு இறக்கை, கீழே ஒரு கூடை நிறைய முட்டை. உள்ளே போனேன். ரசனையால் அல்ல, கழிப்பறை தேவைப்பட்டது.

அது பீர் காய்ச்சும் ஒரு சின்ன இடம், முன்பக்கம் குடிக்கும் கூடம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஜோஸ் என்பவர்தான் முன்பு அங்கே காய்ச்சிக்கொண்டிருந்தவர். இப்போது மகன் காய்ச்சுகிறான், இவர் குறை சொல்கிறார். என்னை அழைத்து எதிரில் உட்கார வைத்தார். அது ஈஸ்டருக்கென்றே காய்ச்சும் பீராம். பண்டிகை முடிந்தால் அடுத்த வருடம்தான். பக்கத்து மேசையில் இரண்டு பெண்கள் அதை வைத்துக் கடுமையாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னவென்று கேட்டேன். ஜோஸ் மொழிபெயர்த்தார்: “போன வருஷம் இதைவிடக் கருப்பா இருந்ததுன்னு அவ சொல்றா. போன வருஷம் நீ கூலிங் கிளாஸ் போட்டிருந்தேன்னு இவ சொல்றா.”

இறக்கை கட்டிய மணிக்கும் அவர்தான் விளக்கம் சொன்னார். பெரிய வியாழனன்று கோயில் மணிகளெல்லாம் ரோமுக்குப் பறந்துபோய்விடும், ஈஸ்டர் அன்று முட்டைகளோடு திரும்பி வரும் என்று அங்கே குழந்தைகளுக்குச் சொல்வார்களாம். அந்தக் காலத்தில் ஃப்ரிட்ஜ் கிடையாது, அதனால் குளிர் முடிவதற்குள் கடைசியாக ஒரு காய்ச்சல் காய்ச்சி, அதைக் கொஞ்சம் கனமாகவே காய்ச்சிப் பண்டிகைக்கு வைத்துக்கொள்வார்களாம். தவக்காலம் முழுக்க வாயைக் கட்டியிருந்தவனுக்கு நீர்த்த பீரைக் கொடுத்தால் பாவம் அல்லவா என்றார். வெயில் வந்துவிட்டால் ஈஸ்ட் சொன்ன பேச்சைக் கேட்காது என்றும் சொன்னார். அதை எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. ஏப்ரல் மாதத்து ஊரப்பாக்கத்தில் இட்லி மாவு வைத்திருக்கும் எவருக்கும் அது தெரியும். ராத்திரி பாத்திரத்தில் படுக்கும் மாவு காலையில் மேடையில் நடந்துகொண்டிருக்கும்.

பீர் அடர்ந்த தேன் நிறத்தில் இருந்தது. வெல்லம் காய்ச்சும் இடத்து வாசனை, கருக வறுத்த ரொட்டியின் சுவை, விழுங்கியபின் லேசான கசப்பு. எனக்கு மூன்று மிடறில் தத்துவம் வந்துவிடும். நான்காவது மிடறில் நண்பர்கள் நினைவு வரும். அருளப்பனை வீடியோவில் அழைத்தேன்.

அருள் அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர், கோவளத்து மீனவக் குடும்பம். அண்ணன் தம்பிகளில் கடலுக்குப் போகாமல் கணக்குப் பார்க்க வந்தவர் இவர் ஒருவர்தான். அந்தக் குறையைத் தீர்ப்பதுபோல் தினமும் மாலையில் தண்ணியில் போய்விடுவார். சண்டைக்காரர் அல்ல. குடித்தால் படுத்துக்கொள்வார், அவ்வளவுதான். ஆனால் உயிர்த்த ஞாயிறன்று கடை திறந்ததும் போய், மதியச் சாப்பாட்டுக்கு முன்பே படுத்துக்கொள்வதுதான் அவர் மனைவி ரெஜினாவுக்குத் தீராத மனக்குறை. விருந்தாளிகள் சாப்பிடுவார்கள், இவர் மூலையில் குறட்டை விடுவார். “ஊரே உயிர்த்தெழுந்துகினு கீது அண்ணா, என் வூட்டுக்காரரு மட்டும் அன்னிக்குத்தான் அடக்கமாவாரு” என்று என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

இந்த வருடம் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு அலுவலகத்துக்கு வந்த அருள், தவக்காலம் முடியும்வரை தொடுவதில்லை என்று அறிவித்திருந்தார். நாங்கள் யாரும் நம்பவில்லை. இப்போது ஃபோனில் பார்த்தால் கடற்கரையில் தனியாக உட்கார்ந்திருந்தார், முகம் காய்ந்த நெத்திலி மாதிரி. கடை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டாராம். எவ்வளவு நாள் இப்படித் திரும்ப முடியும் என்று தெரியவில்லையாம்.

என்னுள் நான்காவது மிடறு பேசியது. பொறு அருள், ஈஸ்டருக்கென்றே இங்கே ஒரு பீர் காய்ச்சுகிறார்கள், உனக்கு ஒன்று கொண்டுவருகிறேன், அதுவரை தாங்கு என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். பாட்டிலைக் காமிராவில் காட்டினேன். ஜோஸ் கை ஆட்டினார். அருளின் முகத்தில் உயிர் வந்தது. அன்று இரவே ரெஜினா என்னை அழைத்தார்.

“அண்ணா, ஒரே ஒரு பாட்டில் எடுத்துனு வாங்க. ரெண்டு வேணா. அத்த பண்டிக அன்னிக்கு எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் ஊத்திப்போம், அவரும் குடிப்பாரு. அதோட சரி, கடைக்குப் போமாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணிகீறாரு. ஒரு ஈஸ்டராவது அந்த மனுசன் நிமிந்து உக்காந்து எங்கூட சாப்படணும். பாட்டில் வரலன்னா சத்தியமும் போச்சு, சோறும் போச்சு. உங்களத்தான் நம்பிகீறேன்.”

தவிர, ஈஸ்டருக்கு முந்தின நாளான பெரிய சனிக்கிழமைக்கு முன்னால் பாட்டில் வீட்டுக்குள் வரக்கூடாது என்றும் சொன்னார். வந்தால் தவக்காலம் தாங்காது. ஆக, ஒரு குடும்பத்தின் பண்டிகை என் கையில். எதையும் கீழே போடாமல் ஒரு தெரு நடக்கத் தெரியாதவன் நான்.

ஊருக்குக் கிளம்புமுன் ஜோஸிடம் போய்ப் பாட்டிலை வாங்கினேன். பருத்த பாட்டில், தக்கை, அதன்மேல் கம்பி. குலுக்காதே, சூடு காட்டாதே, உள்ளே ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது, மணிகள் திரும்புவதற்கு முன் திறக்காதே, முதல் கோப்பையைப் படம் எடுத்து அனுப்பு என்றார். பிறந்த குழந்தையைத் தருவதுபோல் இரண்டு கையால் கொடுத்தார்.

வசந்தா அதை என் வேட்டியில் சுற்றினாள். பிரசாதம் இருக்கும் பெட்டியில் வைக்க மறுத்து, என் செருப்பு இருக்கும் பெட்டியில் வைத்தாள். விமானத்தில் பத்திரமாக வந்தது. ஊரப்பாக்கம் வந்ததும் ஃப்ரிட்ஜில் மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, தயிர் கேட்டு வரும் எதிர் வீட்டுக்காரி கண்ணில் படாமலிருக்கத் தலையணை உறை போட்டுவிட்டாள். கரண்ட் போகும்போதெல்லாம் ஃப்ரிட்ஜைத் திறந்து தக்கையைத் தொட்டுப் பார்ப்பேன். திறந்து திறந்து நானேதான் சூடாக்குகிறேன் என்று வசந்தா சொன்னாள். எங்கள் திருமணத்தில் அறிவியல் எப்போதும் அவள் பக்கம்.

பெரிய சனிக்கிழமை மதியம் கிளம்பினேன். அந்த வெயிலை வர்ணிக்க மாட்டேன். செங்கல்பட்டு மாவட்டத்தில் ஏப்ரல் என்றால் போதும். ஈரத் துண்டில் பாட்டிலைச் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டேன். எங்கள் தெருவில் குமரேசன் என்பவர் சிறுசேரி கம்பெனிகளுக்கு வேன் ஓட்டுகிறார். ஷிப்ட் ஆட்களை ஏற்றிவரப் போகும் வண்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டார். ஏசி வேன் என்பதால்தான் அவரைக் கேட்டிருந்தேன். ஏறியதும் ஏசியைப் போடச் சொன்னேன்.

“ஸ்டாப்பு ஏறுனாதான் சார் ஏசி. பீருக்கெல்லாம் கம்பெனி டீசல் குடுக்காது.”

வண்டலூர் தாண்டியும் ஜன்னல் வழியே அடுப்புக் காற்றுதான் வந்தது. துண்டு காய்ந்தது. சிறுசேரியில் கண்ணாடிக் கட்டடங்கள் வெயிலைத் திருப்பி என் மடிக்கே அனுப்பிவைத்தன. அங்கே இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தேன். கென்ட் நகரத்து டிராமில் பக்கத்தில் இருப்பவர் உயிரோடுதான் இருக்கிறாரா என்று சந்தேகம் வரும், அவ்வளவு அமைதி. இங்கே நான் உட்கார்ந்து முடிப்பதற்குள் ஐந்து பேருக்கு என் மடியில் என்ன என்று தெரிய வேண்டியிருந்தது.

பக்கத்தில் மீன் விற்றுத் திரும்பும் ஒரு அம்மா, காலடியில் தெர்மாகோல் பெட்டி. “இன்னா நைனா, கொயந்தையா அது? மூஞ்ச மூடி வச்சிகீற, மூச்சு முட்டாது?”

துண்டை விலக்கிக் காட்டினேன். ஆட்டோவில் மரியாதை உடனே இறங்கிப்போனது. இது சாதாரண பாட்டில் அல்ல, பெல்ஜியத்திலிருந்து வருகிறது, ஈஸ்டருக்காக வருகிறது, குலுக்கினால் வெடிக்கும் என்று விளக்கினேன். வெடிக்கும் என்ற சொல்லுக்குப் பிறகு எதிரில் இருந்தவர் கால்களை மடக்கிக்கொண்டார். வேகத்தடைகளில் கொஞ்சம் மெதுவாகப் போக முடியுமா என்று டிரைவரைக் கேட்டேன்.

“புள்ளத்தாச்சிக்கே நாம ஸ்லோ பண்ணதில்ல அண்ணாத்த” என்றார் அவர், கண்ணாடியில் என்னைப் பார்த்து, நிஜமான வருத்தத்தோடு. அடுத்த வேகத்தடையில் நாங்கள் எல்லோரும் எழுந்து உட்கார்ந்தோம். பாட்டிலும் எழுந்தது. தக்கை கம்பியை முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். அந்த அம்மா கையை வைத்துப் பார்த்துவிட்டு, ஜுரம் வந்த பிள்ளை மாதிரி கொதிக்கிறது என்று சொல்லி, என்னைக் கேட்காமலே பாட்டிலைப் பிடுங்கித் தெர்மாகோல் பெட்டியில் மிச்சமிருந்த ஐஸில் இரண்டு கானாங்கெளுத்திக்கு நடுவில் செருகினார். கேளம்பாக்கத்திலிருந்து கோவளம்வரை என் பெல்ஜியம் அப்படித்தான் பயணம் செய்தது. இறங்கும்போது கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த அம்மா பாட்டிலை மனசில்லாமல் கொடுத்த மாதிரி இருந்தது. லேபிளில் பறந்த மணியின்மேல் ஒரு செதில் ஒட்டியிருந்தது.

ரெஜினா கோயிலுக்குப் பூ அலங்காரத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அருள் ஏற்கெனவே பாடற்குழுவோடு அங்கே இருந்தார். அருளின் அண்ணி ஸ்டெல்லா பண்டிகைக்காக நாகர்கோவிலிலிருந்து வந்திருந்தார். அவர் கோயிலைப் பார்க்க முன்னாலேயே போய்விட்டார். பாட்டிலைப் பார்த்ததும் ரெஜினா முகம் மலர்ந்து, அதை ஃப்ரிட்ஜில் வைத்து, வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடும்படி என்னிடம் சொல்லிவிட்டு ஓடினார்.

சமையலறையில் நானும் பாட்டிலும் மட்டும். ஈரத்தைத் துடைக்கத் துண்டை எடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன், இன்றுவரை என் வாக்குமூலத்தில் மாற்றமில்லை. ஆட்டோவில் ஆடியதில் தளர்ந்திருந்த கம்பி துண்டில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டது. தக்கை மேலே போய், மின்விசிறியில் பட்டு, ஜன்னல் வழியாகக் கடல் பக்கம் கிளம்பிப்போனது. பின்னாலேயே நுரை. கட்டைவிரலால் அடைத்தேன், விரலைச் சுற்றி நான்கு பக்கமும் பீச்சியது. கைக்கு எட்டிய எவர்சில்வர் தூக்குச்சட்டியை எடுத்துப் பாட்டிலை அதற்குள் கவிழ்த்துப் பிடித்தேன். கால்வாசி என்மேல், மிச்சம் சட்டியில். பாட்டிலில் ஒன்றும் இல்லை.

தரையைத் துடைத்தேன். சுவரைத் துடைத்தேன். காலண்டரில் இருந்த மாதாவின் மேல் தெறித்ததை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே துடைத்தேன். தூக்குச்சட்டியை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தேன், காலிப் பாட்டிலைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டேன். பாட்டில் திறந்துகொண்டது, முக்கால்வாசி தூக்குச்சட்டியில் பத்திரமாக இருக்கிறது, நாளை அதிலிருந்தே ஊற்றிக்கொள்ளலாம் என்று ரெஜினாவுக்குச் செய்தி அனுப்பினேன். கோயிலுக்குள் போனவர் ஃபோனை அணைத்து வைத்திருப்பார் என்பது எனக்குத் தோன்றவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு, மீனும் மதுவும் மணக்க ஊரப்பாக்கம் வரை நின்றுகொண்டே வந்தேன். பஸ்ஸில் என் பக்கத்தில் நிற்க ஒருவருக்கும் விருப்பமில்லை. வசதியாக இருந்தது.

ஞாயிறு காலை நானும் வசந்தாவும் கோவளம் போனோம். மாதா கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. ரோமிலிருந்து திரும்பிவிட்டது என்று வசந்தாவிடம் சொன்னேன். அவள் முழங்கையால் இடித்தாள். வாசலிலேயே அருள் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, தெளிந்த கண்கள். வருடக்கணக்காகப் பக்கத்து மேசையில் பார்த்த ஆளின் கண்களில் வெள்ளைப் பகுதி இருக்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது. என்னைக் கட்டிப்பிடித்துக் காதில், “கீதா?” என்றார். இருக்கிறது என்று தலையாட்டினேன்.

உட்காருமுன்பே ஸ்டெல்லா ஆப்பம் கொண்டுவந்து வைத்தார். மதியத்துக்குப் பிரியாணி இருக்கிறது, அதற்கு முன் இதைச் சாப்பிடுங்கள் என்றார். ஓரம் சரிகை மாதிரி முறுகல், நடு பஞ்சு, நிறம் மட்டும் நாட்டுச் சர்க்கரை போட்ட மாதிரி லேசான பழுப்பு. வசந்தா எந்த வீட்டிலும் இரண்டாவது கேட்கமாட்டாள். நான்காவது கேட்டாள். மாவு எப்படி இவ்வளவு மெத்தென்று வந்தது என்று பக்குவம் விசாரித்தாள்.

ஸ்டெல்லாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ராத்திரி மாவைக் கலக்கித் தட்டுப் போட்டு மூடி, மேலே அம்மிக் குழவியை வைத்துவிட்டுப் பூசைக்குப் போனாராம். திரும்பி வந்து பார்த்தால் மாவு தட்டையும் குழவியையும் ஒருபக்கமாகத் தள்ளிவிட்டு வெளியே வந்து நிற்கிறதாம். “கல்லறைக் கல்லப் புரட்டிப் போட்ட மாதிரி இருந்துச்சு. சிலுவ போட்டுக்கிட்டேன்” என்றார். எத்தனையோ ஈஸ்டருக்கு ஆப்பம் சுட்டிருக்கிறேன், இப்படி ஒரு மாவைப் பார்த்ததில்லை என்றும் சொன்னார்.

ஏப்ரல் என்றேன் நான், அறிவாளியாக.

அப்போது ரெஜினா பண்டிகைத் தட்டில் சின்னச் சின்ன கண்ணாடி டம்ளர்களை அடுக்கிக்கொண்டு வந்தார். அருள் நிமிர்ந்து உட்கார்ந்தார். எல்லோரும் கூடினார்கள். பாட்டில் எங்கே என்று ரெஜினா கேட்டார். செய்தி பார்க்கவில்லையா என்றேன். அவர் ஃபோனைத் திறந்து வாய்விட்டுப் படித்தார். ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தார். அப்புறம் பாத்திரம் கவிழ்க்கும் கூடையைப் பார்த்தார். தூக்குச்சட்டி நன்றாகத் தேய்த்துக் கழுவி அங்கே மின்னிக்கொண்டிருந்தது.

“அண்ணி, இதுல இருந்தது?”

“அந்தக் கள்ளா? மாவுல ஊத்திட்டேன்லா.” ஸ்டெல்லா எல்லோர் முகத்தையும் பார்த்தார். “எனக்கு என்ன தெரியும்? நுரை கட்டி, கள்ளு மணம்லா அடிச்சு. எங்கூர்ல ஆப்பத்துக்கு அதுதான், கேரளா பக்கத்துலலா. இங்க கள்ளு கெடைக்காதும்பியளே, எனக்காண்டி எங்கயோ சொல்லி வாங்கி வச்சிருக்கியன்னு நெனச்சு ஒரு சொட்டு விடாம ஊத்தினேன்.”

வீட்டில் கென்ட் நகரத்து டிராம் அளவுக்கு அமைதி. பிரசாதத்தோடு பாட்டிலைச் சேர்த்து வைக்க மறுத்த வசந்தா, வாயில் இருந்த நான்காவது ஆப்பத்தோடு அசையாமல் இருந்தாள். பிறகு மென்று விழுங்கினாள். “வெந்துட்டா அது மாவுதான்” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். தீர்ப்பு வந்துவிட்டது.

அருள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கடை திறக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். வாசலுக்குப் போய் ஒரு செருப்பைப் போட்டார். ஸ்டெல்லா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தார். நான் எழுந்து தடுக்கலாமா என்று யோசித்தேன். பெல்ஜியத்திலிருந்து இவ்வளவு தூரம் கொண்டுவந்தது ஒரு மனிதனைக் கடைக்கு அனுப்பத்தானா என்று இருந்தது. தவக்காலம் முழுக்க அவர் திரும்பி வந்த வாசல் அந்தத் தெருவின் கடைசியில்தான் இருந்தது. இன்று திரும்பி வரக் காரணம் எதுவும் மிச்சமில்லை.

ரெஜினா உள்ளே போய், ஹாட்பாக்ஸில் இருந்த ஆப்பம் முழுவதையும் ஒரு தாம்பாளத்தில் கோபுரமாக அடுக்கி, அருளின் காலி நாற்காலிக்கு எதிரில் கொண்டுவந்து வைத்தார்.

“போறதுன்னா போய்யா. ஆனா எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம்னுதான பேச்சு? பாட்டிலு இங்கதான் கீது. உம் பங்க தின்னுட்டுப் போ.”

அருள் வாசலில் ஒரு செருப்போடு நின்றார். கோபுரத்தைப் பார்த்தார். அவருக்குள் இருந்த கணக்குப் பிரிவு வேலை செய்ய ஆரம்பித்ததை நான் பார்த்தேன்.

“முக்கா பாட்டிலு மொத்தம் எத்தினி ஆப்பத்துல கீது அண்ணி?”

ஸ்டெல்லா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். அருள் வாய்க்குள் வகுத்தார். எத்தனை ஆப்பம் ஒரு டம்ளர் என்று கண்டுபிடித்தார். வசந்தா அதற்குள் நான்கைத் தீர்த்துவிட்டதை நஷ்டமாகக் குறித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். முதல் ஆப்பத்தைப் பிய்த்து, கண்ணை மூடி, மெதுவாக மென்றார்.

“கசப்பு தெரிது” என்றார். எங்களுக்குத் தெரியவில்லை. அவர் நாக்கு விரதத்தில் தீட்டப்பட்டிருந்தது.

அதன்பின் நடந்ததை மதிய விருந்து என்று சொல்ல முடியாது. வசூல் என்றுதான் சொல்ல வேண்டும். தேங்காய்ப் பாலோடு சாப்பிட்டார், ஆட்டுக்கறிக் குழம்போடு சாப்பிட்டார், ஒன்றும் இல்லாமலும் சாப்பிட்டார். நடுவில் பிரியாணி வந்தது, அதையும் விடவில்லை. ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்து மிச்ச மாவையும் ஊற்ற ஆரம்பித்தார். ரெஜினா ஒவ்வொன்றாக வைக்க, அருள், “இது ரெண்டாவது டம்ளரு”, “இது மூணாவது” என்று சொல்லிச் சொல்லித் தீர்த்தார். கடை திறந்தது. யாரும் கவனிக்கவில்லை.

விருந்து முடிந்தபோது அருளால் எழுந்திருக்க முடியவில்லை. பழக்கத்தில் மூலையில் பாய் போட்டார்கள். அரையடி சாய்ந்தவர், மாவு தொண்டைக்கு வருகிறது என்று சொல்லி உடனே நிமிர்ந்துகொண்டார். வயிற்றுக்குள் அது இன்னும் எழுந்துகொண்டிருக்கிறது என்றார். நாற்காலியை வாசலுக்கு நகர்த்தி, ஆளோடு சேர்த்துத் தூக்கி, கடற்காற்று படும்படி உட்கார வைத்தோம். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஈஸ்டர் மதியத்தில் அருளப்பனைச் செங்குத்தாகப் பார்த்தவர்கள் அந்தத் தெருவில் யாரும் இல்லை.

ஜோஸுக்குப் படம் அனுப்ப வேண்டும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கோப்பை இல்லை. மிச்சமிருந்த ஓர் ஆப்பத்தை, ஓரத்து முறுகல் தெரிய, படம் எடுத்து அனுப்பினேன். உடனே பதில் வந்தது: நுரை பிரமாதம், இவ்வளவு நன்றாக நிற்கும் நுரையை மகன் காய்ச்சி நான் பார்த்ததில்லை, பீர் எங்கே? அருளை ஒரு படம் எடுத்து அனுப்பினேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. மகனிடம் காட்டி ஏதோ குறை சொல்லிக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் நாங்கள் கிளம்பும்போது, எல்லோருக்கும் பரிமாறி முடித்த ரெஜினா தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து, அருளின் பக்கத்தில் இன்னொரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பிரியாணி ஆறிப்போயிருந்தது. அவசரமில்லாமல் பிசைந்து சாப்பிட்டார். அருள் நிமிர்ந்து உட்கார்ந்து, அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டு ஓரத்தில் ஒரே ஓர் ஆப்பம் இருந்தது. ரெஜினா அதை எடுத்து அவர் பக்கம் நீட்டினார்.

“போதும்” என்றார் அருள்.

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.